பதினாறு கழிவறைகள்

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு எதிர்வீட்டு மடிப்பக்கா தன் மகளைக் காலி செய்துவிட்டாள்.

காலி செய்தாள் என்றால் வெட்டியோ குத்தியோ அல்ல. மகளின் அறைக்குள் போய், படுக்கை விரிப்பை உருவிப் புது விரிப்புப் போட்டு, நாலு மூலையும் கத்தி மாதிரி மடித்துச் செருகினாள். மேசையைத் துடைத்தாள். அதன்மேல் இருந்த சீப்பு, தைலம், சார்ஜர், மூக்குக்கண்ணாடி, மருந்துக்கடைச் சீருடை, அந்தப் பெண் நாலு வருஷம் படித்து வாங்கிய சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு வெள்ளைப் பையில் போட்டுக் கட்டினாள். அதில் ஒரு சீட்டை ஒட்டிப் படிக்கட்டில் கொண்டுவந்து வைத்தாள். நான் அப்போது தற்செயலாகக் கதவுத் துளையில் கண்ணை வைத்திருந்தேன். எனக்குத் தற்செயல்கள் கொஞ்சம் அதிகம்.

அவள் உள்ளே போனதும் போய்ப் பார்த்தேன். 'விருந்தினர் விட்டுச் சென்றவை' என்று முத்து முத்தாக எழுதியிருந்தது.

மடிப்பக்கா பெரிய ஓட்டல் ஒன்றில் இருபத்தேழு வருஷமாக அறை சுத்தம் செய்கிறவள். ஒரு நாளைக்குப் பதினாறு அறை. கழிவறைக் காகிதத்தின் நுனியை முக்கோணமாக மடித்துவைத்தால் அந்த அறை முடிந்தது என்று அர்த்தமாம். அந்த மடிப்புப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. என் வீட்டுக்கு டீ குடிக்க வந்தால்கூட கை சும்மா இருக்காது. துண்டை மடிப்பாள், செய்தித்தாளை மடிப்பாள், ஒருமுறை என் வீட்டுக்காரரின் லுங்கியை அவர் உடுத்தப்போகிற நேரத்தில் மடித்து அலமாரிக்குள் வைத்துவிட்டாள். கட்டடம் முழுக்க மடிப்பக்கா என்றுதான் பெயர். அதை வைத்தது நான்தான்.

செவ்வாய்க்கிழமை அவள் வீட்டில் இருந்ததே எனக்கு உறுத்தியது. விசாரித்தேன். விசாரிப்பது என்றால், பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற அவள் புருஷனை, ஸ்பானர் மாமாவை, குப்பை போட வரும்போது மடக்கினேன்.

"ஒண்ணும் இல்லம்மா. ரெஸ்ட்டு."

"இருபத்தேழு வருஷத்துல காய்ச்சல்ல கூட ரெஸ்ட் எடுக்காத மனுஷி, இப்ப என்ன மாமா திடீர்னு?"

மாமா குப்பைக்கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "ஒரு விருந்தாளியோட கைக்கடிகாரம் காணாமப் போச்சாம். அந்த ரூம் இவ செஞ்சது. விசாரணை முடியற வரைக்கும் வர வேணாம்னுட்டாங்க."

எனக்கு வந்த கோபத்தில் அவருடைய குப்பையையும் நானே வாங்கிக் கொட்டினேன். மெத்தைக்கு அடியில் கிடந்த ஒற்றைக் கம்மலுக்குக்கூடச் சீட்டு எழுதி ஒப்படைத்தவள் மடிப்பக்கா. யாரோ விட்டுப்போன பல்செட்டை ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தவள். அவளையா?

சாயங்காலம் மகள் வந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், எட்டு மணிநேரம் நின்றுவிட்டு வந்து படிக்கட்டில் தன் வாழ்க்கை பையில் கட்டிக் கிடப்பதைப் பார்த்தால் எப்படி இருக்கும்? கதவில் காதை வைக்க வேண்டிய அவசியமே இல்லாமல் கேட்டது.

"ஏம்மா, என் சர்டிபிகேட்ட எதுக்கும்மா வெளிய வச்ச?"

"அந்தப் பொண்ணு செக்கவுட் பண்ணிட்டா."

"எந்தப் பொண்ணு? நான்தாம்மா அந்தப் பொண்ணு!"

"கத்தாதீங்க மேடம். ஒரு பொருளும் போகாது. சீட்டு எழுதியிருக்கேன்."

அப்புறம் சத்தமே இல்லை. சத்தம் கேட்டால் எனக்குப் பயமில்லை. சத்தம் நின்றால்தான் பயம். பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, திருப்பிக் கொடுக்க வேண்டிய சல்லடை ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். சல்லடை அவர்களுடையது அல்ல. அதை யாரும் கவனிக்கவில்லை.

மகள் தரையில் உட்கார்ந்திருந்தாள். அக்கா அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுடைய சீருடையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளாடி இப்படி?" என்றேன்.

"சாவியை பிரிட்ஜ்ல வைக்கறது, கேட்டதையே கேக்கறது... ஒரு வருஷமா இருக்கு சித்தி. அசதின்னு நினைச்சேன். வேலை அப்படி. யாருக்குத்தான் அசதி இல்ல?"

"மருந்துக்கடைல ஊரார் அம்மாவுக்கெல்லாம் வாய் வலிக்க மருந்து சொல்ற. உங்க அம்மாவைப் பார்க்கலையா?"

சொல்லியிருக்கக் கூடாது. அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையில் என் சல்லடையில் இன்னும் நாலு ஓட்டை விழுந்திருக்கும். "ஆறு மாசமா படிக்கட்டுல வழி மறந்து நிக்கறாங்கன்னு கீழ் வீடு வரைக்கும் சொல்லிச் சிரிச்சிட்டு இருந்தீங்களே, நீங்க பார்க்கலையா சித்தி?"

பார்த்தேன். சிரிக்கவும் செய்தேன். அதனால் வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். கண்ணுக்குக் கீழே கருவளையம். அவரும் சரியாகத் தூங்குகிறவராகத் தெரியவில்லை. அக்காவிடம் காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். தெரியவில்லை. இது எந்த மாதம்? அக்கா சிரித்து மழுப்பினாள். "சரி, வேலையில ஒரு ரூமை எப்படிச் செய்வீங்க, சொல்லுங்க" என்றார்.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கதவைத் தட்டணும். மூணு தடவை. ஜன்னலைத் திறக்கணும். குப்பை, அழுக்குத்துணி. பாத்ரூம்ல மருந்து ஊத்தி ஊற விட்டுட்டு வந்து பெட்டு. பெரிய மெத்தை, முழங்காலால முட்டுக் குடுத்துத் தூக்கணும், இல்லன்னா இடுப்பு போயிரும். எனக்குப் போயிருச்சு. அப்புறம் பாத்ரூம். மேலேர்ந்து கீழே துடைக்கணும். தரை கடைசி, பின்னாடியே நடந்து வெளிய வரணும். இருபத்தஞ்சு நிமிஷம். இருபத்தாறாச்சுன்னா மெஷின் கத்தும்."

"என்ன மெஷின்?"

அக்கா இடுப்பைத் தொட்டுக் காட்டினாள். அங்கே ஒன்றும் இல்லை. மகள் சொன்னாள்: "செல்போன் மாதிரி ஒண்ணு, டாக்டர். நேரம் தாண்டினா அதிரும். மேலிடத்துல அவங்க பேர் சிவப்பாயிரும். வீட்டுல தூங்கறப்ப கூட திடுக்குனு எந்திரிச்சு இடுப்பைத் தடவுவாங்க."

டாக்டர் மண்டை ஓட்டுக்குள் எடுத்த படத்தைத் திரையில் காட்டினார். எனக்குக் காலிஃபிளவர் மாதிரிதான் தெரிந்தது. அதில் அங்கங்கே புள்ளி புள்ளியாக இருந்ததைப் பேனாவால் தொட்டார்.

"இங்கெல்லாம் சின்னச் சின்ன ரத்தக்குழாய் அடைச்சு, ரத்தம் போகாமக் காய்ஞ்சிருக்கு. ஒரே நாள்ல வந்தது இல்ல. பிரஷர் ரொம்ப வருஷமா ஏறியே இருந்திருக்கு. ஒரு நாள் பதறினா உடம்பு தாங்கிக்கும். பதறுறதே பொழப்பா இருந்தா, சரியாத் தூங்காம, வலிக்கு மாத்திரை முழுங்கிட்டே ஓடினா, அது மூளையையும் அரிக்கும். இதுதான் காரணம்னு ஒரு விரலால காட்ட மாட்டேன். வயசு இருக்கு, பரம்பரை இருக்கு. ஆனா பிரஷரைக் கட்டுப்பாட்டுல வச்சிருந்தா இவ்வளவு வந்திருக்காது." அக்காவின் வைத்திய நோட்டைப் பார்த்தார். "பதினோரு வருஷமா பிரஷருக்கு நீர் மாத்திரை எழுதியிருக்கே. ஒழுங்காப் போடுறாங்களா?"

"மாசா மாசம் நானே வாங்கிட்டு வந்து குடுக்கறேன்" என்றாள் மகள்.

"லீவு நாள்ல போடுவேன்" என்றாள் அக்கா.

மூன்று பேரும் அவளைப் பார்த்தோம்.

"வேலை நாள்ல எப்படிப் போடறது? போட்டா ஒரு மணி நேரத்துல ஒண்ணுக்கு முட்டும். பத்து ரூம் போறதுக்குள்ள நாலு தடவை. அதான் மாத்திரை போட மாட்டேன். தண்ணியும் குடிக்க மாட்டேன். வாய் காய்ஞ்சா ஒரு மிடறு நனைச்சுத் துப்புவேன்."

"அக்கா," என்று நான்தான் கேட்டேன், "ஒரு நாளைக்குப் பதினாறு கழிவறை கழுவற. அதுல ஒண்ணுல உக்கார முடியாதா?"

அக்கா என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "விருந்தாளி கழிவறைல நாங்க உக்காந்தா அன்னைக்கே சீட்டு கிழியும். எங்களுது கீழ, தரைக்கு அடியில இருக்கு. சர்வீஸ் லிஃப்டு வர்றதுக்கே அஞ்சு நிமிஷம். போயிட்டு வந்தா ஒரு ரூம் போச்சு. மெஷின் விடுமா?"

டாக்டர் பேனாவை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். மகள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாரத்தில் ஆறு நாள், பதினோரு வருஷம். கணக்கு எனக்கு வராது. வந்திருந்தால் அந்த மேசையைக் கவிழ்த்திருப்பேன்.

திரும்பி வந்து வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் அப்பாவிடம் வெடித்தாள். "உங்களுக்குத் தெரியுமாப்பா? பக்கத்துலயே படுத்திருக்கீங்களே, அவங்க தண்ணி குடிக்காதது தெரியுமா?"

"உங்க அம்மா எப்பவும் தண்ணி கம்மியாத்தான்..." என்று ஆரம்பித்து மாமா அப்படியே நிறுத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஓட்டலிலிருந்து சூப்பர்வைசர் அம்மா வந்தார். அக்காவோடு ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர். இப்போது மாடி மாடியாகச் சிவப்புப் பெயர்களைப் பார்க்கிற உத்தியோகம். அக்காவை உள்ளறையில் படுக்கவைத்திருந்தார்கள். நான் டீ போட்டுக்கொடுக்க வந்தவளாக அடுப்படி வாசலில் நின்றேன்.

அவர் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். "போலீசுக்குப் போகாமப் பார்த்துக்கிட்டேன். இதுல அக்கா கையெழுத்துப் போட்டா போதும். வேலையை அவங்களாவே விட்ட மாதிரி முடிச்சுக்கலாம்."

மகள் எடுத்து வாசித்தாள். "அறை 412-ல் இருந்த கைக்கடிகாரத்தை நான் எடுத்துச் சென்றது தவறு என ஒப்புக்கொள்கிறேன்." தாளை மேசைமேல் அறைந்தாள். "யாரு எடுத்தது? பார்த்தீங்களா ஆன்ட்டி?"

"நான் எதுவும் சொல்லலம்மா. இது ஆபீஸ்ல அடிச்சுக் குடுத்தது."

"எங்க அம்மாவுக்கு உடம்பு சரியில்ல. டாக்டர் எழுதிக் குடுத்திருக்காங்க. அதை வாங்கிக்கங்க."

"அதைக் குடுத்தீன்னா, சரியில்லாத ஆளு எடுத்துட்டாங்கன்னு ஆயிடும். எடுத்தது எடுத்ததாத்தான் இருக்கும்."

ஸ்பானர் மாமா மெதுவாகப் பேனாவை எடுத்தார். "போட்டுடலாம்மா. போலீஸு, கேசுன்னு அவளை அலைய விட முடியுமா? வீட்டோட முடியட்டும். மானத்தோட இருக்கலாம்."

"மானமா?" மகளின் குரல் உடைந்தது. "திருடின்னு எழுதிக் குடுத்துட்டு என்ன மானம்ப்பா? நாளைக்கு அவங்களுக்கு எதுவுமே ஞாபகம் இருக்காது. அப்ப இந்தத் தாள் மட்டும்தான் இருக்கும். இருபத்தேழு வருஷத்துக்கு இதுதான் மிச்சமா?"

"நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே மெத்தை தூக்கினீங்க?" என்று நானும் அடுப்படியிலிருந்து சேர்ந்துகொண்டேன். "ஒரு ஊக்கு எடுத்திருப்பாளா அவ? உங்க வாயால சொல்லுங்க பாப்போம்."

சூப்பர்வைசர் அம்மா டீக் கோப்பையைத் தொடவில்லை. "என் கையில ஒண்ணும் இல்ல" என்றார்.

அப்போது உள்ளறைக் கதவு திறந்தது. அக்கா நின்றிருந்தாள். "வாட்ச்சு தானே? தலகாணிக்கு அடியில இருந்துச்சு. பையில போட்டு, சீட்டு எழுதி, அலமாரியில வச்சிட்டேனே."

"நீ படுத்துக்கோம்மா" என்றாள் மகள்.

"வச்சிட்டேன்டி."

"அவளுக்குக் குழம்புது" என்றார் மாமா சூப்பர்வைசரைப் பார்த்து, மன்னிப்புக் கேட்பதுபோல. "இப்பல்லாம் இப்படித்தான் எதையாவது..."

வெட்கமாகத்தான் இருக்கிறது, நானும் அப்படித்தான் நினைத்தேன். போன வாரம் வரைக்கும் அவள் சொல்வதெல்லாம் உண்மை. டாக்டர் படத்தைக் காட்டிய பிறகு அவள் சொல்வதெல்லாம் குழப்பம். நான் அவள் தோளைப் பிடித்து உள்ளே திருப்பக்கூடப் போனேன்.

"குழப்பம் இல்ல" என்றார் சூப்பர்வைசர் அம்மா.

கைப்பையைத் திறந்தார். உள் ஜிப்பைத் திறந்தார். நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்துத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். முத்து முத்தான எழுத்து: 'விருந்தினர் விட்டுச் சென்றவை. அறை 412. கைக்கடிகாரம் ஒன்று.' தேதியும் மாதமும் சரி. வருஷம் மட்டும் ஒன்பது வருஷத்துக்கு முந்தியது.

"ஆறு மாசத்துக்கு மேல யாரும் கேக்காத பொருளை மாசக் கடைசியில ஒழிச்சுருவோம். மூட்டையா கட்டி வண்டியில ஏத்தி அனுப்பறது என் வேலை. பழசோட சேர்ந்து இந்தப் பையும் அதுல போயிருச்சு. அடுத்த நாள்தான் விருந்தாளி கேட்டாரு. ஒழிச்சதுக்கெல்லாம் அத்தாட்சியா சீட்டை மட்டும் கிழிச்சு வச்சுக்கணும். அதனால இது மட்டும் தங்கிச்சு."

"எத்தனை நாளா உங்ககிட்ட இருக்கு?" மகள் கேட்டது மெதுவாகத்தான்.

"அஞ்சு நாளா. கிழிச்சுப் போட மனசு வரல."

"காட்டவும் மனசு வரல." மகள் எழுந்து நின்றாள். "அஞ்சு நாளா எங்க அம்மா திருடியா இருந்தா. நீங்க பையில வச்சுக்கிட்டு, பஸ்ல போயி, பஸ்ல வந்து, சாப்பிட்டு, தூங்கி... உங்களை நான் சின்ன வயசுலேர்ந்து ஆன்ட்டின்னு கூப்பிடறேன். த்தூ!"

"அவங்க தப்பு பாதி, என் தப்பு பாதிம்மா! அனுப்பறதுக்கு முன்னால தேதியை வாசிக்கணும்."

"ஏன் வாசிக்கல?"

"வாசிச்சேன்." அந்த அம்மா சீட்டைப் பார்த்தே பேசினார். "நின்னு வாசிச்சேன். தப்புன்னு தோணல. மாசா மாசம் ஒழிக்கற அலமாரியில ஒன்பது வருஷப் பை எப்படி இருக்கும்னு எனக்கும் எட்டல."

மாமா கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். மகள் திட்டுவதற்குத் திறந்த வாயை மூடிக்கொண்டு அவரை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள்: வீங்கிய கணுக்கால், வெடித்த உதடு, தொடாத டீ.

"உங்களுக்குப் பிரஷர் இருக்கா?"

"இருக்கு. எட்டு வருஷமா."

"மாத்திரை?"

அவர் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"இன்னைக்குப் போட்டீங்களா?"

"இன்னைக்கு டூட்டி."

மகள் கையை நீட்டினாள். அவர் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்த அட்டையில் ஒரு மாத்திரைகூடப் பிரிக்கப்படவில்லை. மருந்துக்கடைப் பெண் அதைத் திருப்பித் திருப்பி வாசித்தாள். டாக்டர் சீட்டையும் கேட்டு வாங்கி வாசித்தாள். அப்புறம் ஒன்றைப் பிரித்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அதைக் கருணை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடிக்கிற மாதிரி வைத்தாள். "போடுங்க. சித்தி, தண்ணி கொண்டாங்க. பெரிய செம்புல."

போட்டார். செம்புத் தண்ணீரையும் குடித்தார். குடிக்கும்போது தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்தால், அந்தத் தொண்டைக்கு அது பழக்கமில்லை என்று தெரிந்தது.

"இப்ப எழுதுங்க."

ஆபீஸ் தாளைத் திருப்பிப்போட்டு, வெள்ளைப் பக்கத்தில் எழுதவைத்தாள். சீட்டு இருந்தது. சீட்டு எழுதியவர் திருடவில்லை. மூட்டையை அனுப்பியது நான். சூப்பர்வைசர் அம்மா மூன்று தடவை நிறுத்தினார். "என் வேலை போயிரும்" என்றார். "எங்க அம்மாவுக்கு மூளையே போயிருச்சு ஆன்ட்டி, எழுதுங்க" என்றாள் இவள். அவருக்கு அழுகை வந்தது, எழுத்தும் வந்தது. நடுவில் நான் ஆறிய டீயைச் சூடாக்கிக் கொடுத்தேன். அதையும் குடித்தார். "ஏன் நீர் மாத்திரை போடறதில்லைங்கறதையும் எழுதுங்க" என்றாள் மகள். அதற்கு ஒரு முழுப் பத்தி ஆனது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. லிஃப்ட், தரைக்கு அடியில், மெஷின், எல்லாம் அவரே எழுதினார். பேனா தாளைக் கிழிக்கிற மாதிரி அழுத்தி எழுதினார். கையெழுத்துப் போடும்போது சுவர்க் கடிகாரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தது.

மகள் தாளை எடுத்து, தன் போனில் படம் பிடித்துக்கொண்டு, சீட்டையும் சேர்த்து மருந்துக்கடைக் கவரில் போட்டாள். "நாளைக்கு நானே கொண்டுபோய்க் குடுப்பேன். உங்க மேனேஜர் கையில. டாக்டர் கடுதாசியும் சேர்த்து."

சூப்பர்வைசர் அம்மா எழுந்தார். நெளிந்தார். "பாத்ரூம்..." என்றார், ஏதோ கடன் கேட்கிறவர் மாதிரி.

மாமா கை காட்டினார். அவர் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

அவருடைய போன் மேசைமேல் அதிர ஆரம்பித்தது. ஓட்டலிலிருந்துதான். நின்றது, மறுபடி அதிர்ந்தது. டீக் கோப்பையோடு சேர்ந்து தடதடவென்று நகர்ந்தது. அவ்வளவு நேரம் சுவரோரமாக உட்கார்ந்து துண்டை மடித்துக்கொண்டிருந்த அக்கா துள்ளி எழுந்தாள். ஒரு கை இடுப்பைத் தடவியது. முகம் வெளிறிப்போய், யாரும் தடுப்பதற்குள் ஓடிப்போய்க் கழிவறைக் கதவைப் படபடவென்று தட்டினாள்.

"வெளிய வாடி! மெஷின் கத்துது! இன்னும் மூணு ரூம் இருக்கு, சீக்கிரம் வா, உன் பேரு சிவப்பாயிரும்!"

மகள் முகத்தை மூடிக்கொண்டாள். உள்ளே தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது. அந்த அம்மா, பாவி, பாதியில் எழுந்துவிட்டார்.

"விடுடீ!"

கத்தியது ஸ்பானர் மாமா. கண்ணெல்லாம் சிவந்து, அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, மூடிய கதவைப் பார்த்து, கீழ்மாடிக்காரர்கள் வாசலுக்கு வரும் அளவுக்குக் கத்தினார். "உக்காரும்மா! நீ உக்காரு! எவ்வளவு நேரம் வேணுமோ உக்காரு! கத்துறது கத்தட்டும், எவன் வந்து கேக்குறான்னு நான் பார்க்கிறேன்!"

போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் தாழ்ப்பாளை மறுபடி போட்ட சத்தம் கேட்டது.